வில்லிஸ் ஜீப் கிளம்பவில்லையா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஆகிய இரு ஜீப்களுக்கும் ஒரே இன்ஜின்தான்: 134 கன அங்குலம், நான்கு சிலிண்டர், சைடு வால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும்), 6 வோல்ட். வண்டி மக்கர் செய்ததும் புதியவர்கள் நேராகக் கார்புரேட்டரில் கைவைக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். பெட்ரோல் கோளாறு என்று நினைப்பது பாதிக்கு மேல் கரன்ட் கோளாறாகவே இருக்கும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால்

12 வோல்ட் காரின் பேட்டரி ஒயர் இதற்குப் போதாது. வோல்ட் பாதி என்றால் அதே வேலைக்கு ஆம்பியர் இரண்டு மடங்கு. 00 கேஜ் ஒயர் போடுங்கள்.

அடுத்து எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், ஒயர் கிளாம்பில் வேண்டாம். மறுமுனை இன்ஜின் பிளாக்கில். இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு ஒருவர் ஸ்டார்ட்டர் சுவிட்சைக் காலால் மிதிக்கட்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் பிளாக்குக்கும் சேசிஸுக்கும் நடுவே பட்டை ஒயர் இருந்தே ஆக வேண்டும். அழகாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். பட்டையின் அடியில் பெயின்ட் இருக்கும். இரும்பு தெரியச் சுரண்டி முறுக்குங்கள்.

2. ஸ்பார்க்

ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, இன்சுலேட்டட் பிளையரால் பிளாக்குக்கு 6 மி.மீ. தள்ளிப் பிடியுங்கள். இக்னிஷனை ஆன் செய்து செல்ஃப் அடித்தால் நீலப்பொறி சடசடவெனப் பாய வேண்டும். மங்கலான மஞ்சள் பொறி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, காயிலுக்குப் போகும் கரன்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டைப் பாருங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் பிடித்திருக்கும். உப்புத்தாள் போடாதீர்கள், துகள் பதிந்து பாயிண்ட் மறுபடி எரியும். பாயிண்ட் அரத்தால் லேசாக இழுத்துவிட்டு, நடுவே வெள்ளை அட்டையை விட்டு, கறை வராத வரை இழுங்கள். கேம் மேடு பாயிண்டை முழுக்கத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.020 அங்குலம். பிளக்குக்கு 0.030. பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் நகரும்; டிடிசிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) 5 டிகிரி முன்னால் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை) 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும்.

காயிலின் இரு சிறு முனைகளுக்கு நடுவே 3 ஓம் காட்டினால், யாரோ 12 வோல்ட் காயிலை மாட்டியிருக்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் அணைந்தால் கண்டன்சரையும் காயிலையும் சந்தேகப்படுங்கள்.

3. பெட்ரோல்

டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இந்த வேலையின்போது பீடி, சிகரெட், பொறி எதுவும் பக்கத்தில் கூடாது. இக்னிஷன் ஆஃபிலேயே கால் சுவிட்ச் வேலை செய்யும் என்பது இங்கே வசதி. பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி டப்பாவில் விட்டு, மிதியுங்கள். விட்டுவிட்டுப் பீச்ச வேண்டும். குமிழியோடு வந்தால் பம்ப்புக்கு முன்னால் எங்கோ காற்று இழுக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தின் கார்க் கேஸ்கெட் காய்ந்துபோயிருப்பதுதான் வழக்கமான காரணம். கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

4. கிளம்பிய பிறகு மிஸ் அடித்தால்

ஐடிலில் பிளக் ஒயர்களை இன்சுலேட்டட் பிளையரால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அதன் பிளக்கை இன்னொன்றோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக் போச்சு.

நான்கும் ஒரே மாதிரி தடுமாறினால் காற்று லீக். இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள கிராங்க்கேஸ் வென்டிலேட்டர் வால்வின் குழாயைக் கழற்றி, வால்வு வாயைக் கட்டைவிரலால் மூடுங்கள். ஐடில் சீரானால் வால்வு திறந்தே சிக்கியிருக்கிறது. கழற்றிக் கழுவினால் போதும். இதற்கெல்லாம் பிறகுதான் கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூ: மெதுவாக முழுக்க மூடி, ஒரு சுற்று திறந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யுங்கள்.

ஒரே சிலிண்டர் மட்டும் விடாமல் மிஸ் அடித்தால் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் (அழுத்தம்) எடுங்கள். மற்றவற்றைவிட 10 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்தால் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் கோளாறு. ஏறாவிட்டால் வால்வு கோளாறு; இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கிராங்க் கம்பியால் இன்ஜினைச் சுற்றினால் எந்த வால்வு கீழே இறங்காமல் சிக்கி நிற்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.