வாக் டிரெஸ்ஸிங் போடக் கற்றுக்கொள்வோம்

புண்ணில் ஸ்பாஞ்சு வைத்து, மேலே ஒட்டும் படலத்தால் மூடி, இயந்திரத்தால் உறிஞ்சவிடும் கட்டுதான் வாக் டிரெஸ்ஸிங். அறுவைச் சிகிச்சை வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்கள் உறிஞ்சும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் மிரளுவார்கள். எனக்குப் பயம் கத்தரிக்கோலைக் கண்டுதான். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் மருத்துவரின் உத்தரவைப் பாருங்கள். கறுத்துக் காய்ந்த சதை மூடிய புண், புற்றுநோய் உள்ள புண், சிகிச்சை தராத எலும்புத் தொற்று, இரத்தக் குழாய் வெளியே தெரியும் இடம் ஆகியவற்றில் இதைப் போடக் கூடாது.

வலி மாத்திரை கொடுத்து, அது வேலை செய்ய நேரம் விடுங்கள். பிறகு சலைனால் புண்ணைக் கழுவி, சுற்றியுள்ள தோலை நன்றாக ஒற்றி உலர்த்துங்கள். ஈரத் தோலில் எந்தப் படலமும் ஒட்டாது.

இப்போது கத்தரிக்கோல். கறுப்பு ஸ்பாஞ்சைப் புண்ணுக்கு நேர்மேலே வைத்து வெட்டாதீர்கள்; துணுக்குகள் உள்ளே உதிரும். தள்ளி நின்று வெட்டி, ஓரங்களைத் தேய்த்து உதறுங்கள். புண்ணை நிரப்பினால் போதும், திணிக்க வேண்டாம். நல்ல தோலின் மேல் ஸ்பாஞ்சு படக் கூடாது. எத்தனை துண்டுகள் வைத்தீர்கள் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

அதன்மேல் ஒட்டும் படலத்தைப் புண்ணின் விளிம்பைத் தாண்டி 3 முதல் 5 செ.மீ. வரை ஒட்டி, துண்டுகளின் எண்ணிக்கையையும் தேதியையும் அதன் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். நடுவில் சுமார் 2 செ.மீ. அகலத்துக்கு வட்டமாக ஓட்டை போடுங்கள். வெறும் கீறல் போட்டால் அது மூடிக்கொள்ளும். ஓட்டையின் மேல், குழாய் பொருத்திய ஒட்டும் வில்லையை ஒட்டி, குழாயை இயந்திரத்தில் நீர் சேரும் கலத்தோடு இணையுங்கள்.

பெரும்பாலும் 125 மி.மீ. பாதரசம் அளவு உறிஞ்சுதல் வைப்பது வழக்கம். இயக்கியதும் ஸ்பாஞ்சு உலர்ந்த திராட்சைபோலச் சுருங்க வேண்டும். சுருங்கவில்லை, எங்கோ 'உஸ்' என்று கேட்கிறது என்றால் காற்றுக் கசிவுதான். காதை அருகே வைத்துத் தேடி, அங்கே சிறு படலத்தை ஒட்டுங்கள். இந்த இழுப்புதான் நீரை வெளியேற்றி, விளிம்புகளை நெருக்கி, சிவந்த புதுச் சதை வளர உதவுகிறது.

குழாயில் பளிச்சென்ற இரத்தம் வந்தால் உடனே நிறுத்தி, அழுத்திப் பிடித்து மருத்துவரை அழையுங்கள். இயந்திரம் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டுப் போட வேண்டும்.

வழக்கமாக 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். இயந்திரத்தை அணைத்து, சலைனை ஸ்பாஞ்சில் ஊறவிட்டு, கால் மணி நேரமாவது காத்திருந்து மெல்ல எடுங்கள். எடுத்த துண்டுகளைத் தட்டில் பரப்பி எண்ணுங்கள். படலத்தில் 3 என்று எழுதியிருந்து தட்டில் 2 மட்டும் கிடந்தால், புதுக் கட்டுப் போடாதீர்கள்; மருத்துவரிடம் சொல்லி, மூன்றாவதைத் தேடுங்கள்.