இங்கிலாந்தின் ஸ்ட்ராங் ஏல்: ருசி பார்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும் பீர் வரிசையின் ஒரு பக்கத்தில் அரை லிட்டர் பாட்டில்களில் ஏல் வகைகள் (மிதமான சூட்டில் புளிக்கவைக்கும் பீர்) நிற்கும். லாகர் (குளிரில் புளிக்கவைக்கும், காஸ் மிகுந்த வழக்கமான பீர்) டின்களின் பளபளப்பு இருக்காது. லேபிளில் பழைய கப்பல், குட்டிச்சாத்தான், ஊர்ச் சின்னம் என்று ஏதாவது படம் இருக்கும். அவற்றில் ஆல்கஹால் 5.5 சதவீதத்தைத் தாண்டிய, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) தூக்கலான, செம்பழுப்பு ஸ்ட்ராங் ஏல் ரகத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. சஃபோக் கடற்கரையில் சவுத்வோல்ட் என்ற சின்ன ஊரில் ஆட்னம்ஸ் காய்ச்சும் பிராட்சைடு, யார்க்ஷயரில் மாஷம் ஊரின் தீக்ஸ்டன் காய்ச்சும் ஓல்ட் பெக்யூலியர், லண்டன் சிசிக்கில் ஃபுல்லர்ஸ் 1997 முதல் ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்டுவரும் விண்டேஜ் ஏல் எல்லாம் இந்தக் குடும்பம்.

முதல்முறை வாங்கிக் குடித்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சப்புன்னு இருக்கு, காஸே இல்ல, கடைசில கசக்குது." அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் குடித்த விதத்தில் யார் குடித்தாலும் அப்படித்தான் இருக்கும். ஏலை லாகராக நினைத்து நடத்துவதில் ஆரம்பிக்கிறது கோளாறு. மற்ற தவறுகளில் முக்கால்வாசி அதிலிருந்து கிளைத்தவை.

ஃபிரிட்ஜிலிருந்து நேராக வாய்க்கு

வீட்டு ஃபிரிட்ஜின் குளிர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். லாகருக்கு அது பொருத்தம். அதில் காஸ் அதிகம், மால்ட் மெல்லியது, குடிப்பதே தொண்டை குளிரத்தான். இந்த ஏலின் சரக்கு முழுக்க வாசனையில் இருக்கிறது. குளிர்ந்த திரவத்திலிருந்து வாசனை மேலே எழும்பாது. இனிப்பையும் நாக்கு குளிரில் சரியாக உணராது. கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். காஸும் குறைவு என்பதால் கவனத்தைத் திருப்ப வேறு எதுவும் இருக்காது. "சப்புன்னு இருக்கு" என்ற தீர்ப்பு இப்படித்தான் பிறக்கிறது.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதைக் கொல்ல மனம் வராது. இத்தகைய ஏல்களில் பெரும்பாலும் சேர்க்கப்படுவது கிரிஸ்டல் மால்ட். முளைகட்டிய பார்லியை ஈரம் உலரும் முன்பே சூடேற்றிப் புழுங்க வைக்கிறார்கள். தானியத்தின் தோலுக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். பிறகு வறுக்கும்போது அந்தச் சர்க்கரை உள்ளேயே காய்ந்து, கண்ணாடிபோல இறுகும். காய்ச்சிய சர்க்கரைப் பாகு, டாஃபி, உலர்திராட்சை வாசமெல்லாம் அதன் கைங்கரியம். அடித்தளமாக இருக்கும் வெளிறிய மால்ட்டின் வாசம் நமக்கு அந்நியமே இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அதுவும் மால்ட் ஆக்கிய பார்லிதான். இதற்கு மேல் ஈஸ்ட் தன் பங்குக்கு ஆப்பிள், வாழைப்பழம், பிளம் என்று பழவாசனைகளைக் கூட்டுகிறது. பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூக்களான ஹாப்ஸில், கென்ட் பகுதியின் கோல்டிங்ஸ், ஃபகிள் ரகங்கள் மண்ணும் மூலிகையும் கலந்த வாசத்தோடு பின்னால் நிற்கின்றன. ஹாப்ஸ் வாசம் தூக்கலான அமெரிக்க ஐபிஏ ஏல் பழகியவர்கள் எலுமிச்சையையும் மாம்பழத்தையும் இங்கே தேட வேண்டாம்.

ஆங்கிலேயர்கள் பீரை வெதுவெதுப்பாகக் குடிப்பார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதை நம்பி, கோடைக்காலத்து அறையில் கிடந்த பாட்டிலை அப்படியே திறப்பது எதிர்த்திசைத் தவறு. 20 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் நெடி முன்னால் வந்து, இனிப்பு திகட்ட ஆரம்பிக்கும். பப்பில் ஏல் பீப்பாய்களை வைக்கும் நிலவறை 11 முதல் 13 டிகிரி வரை இருக்கும். அதுதான் இலக்கு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை அறையில் அரை மணி, முக்கால் மணி விட்டால் ஏறக்குறைய அங்கே வந்துவிடும். 8 சதவீதத்துக்கு மேற்பட்டதென்றால் இன்னும் ஓரிரு டிகிரி கூடினாலும் நல்லதே.

இதில் சந்தேகம் உள்ளவர்கள் ஒரு பிராட்சைடு பாட்டிலைக் குளிராகவே திறந்து, ஒரு கிளாஸ் ஊற்றி மேசையில் வைத்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் போதும். முதல் வாயில் வறுத்த கசப்பும், கொஞ்சம் இரும்பு நெடியும். அடுத்ததில் ரொட்டியின் முறுகிய ஓரம். அரை மணி நேரம் ஆனபின் கிளாஸை விளக்குக்கு எதிரே பிடித்தால் அடர் மாணிக்கச் சிவப்பு தெரியும். மூக்கை உள்ளே விட்டால் உலர்திராட்சை, பிளம், கருப்புச் சர்க்கரை. விழுங்கியபின் நெஞ்சுக்குள் லேசான சூடு. ஒரே பாட்டில்தான், ஒரே கிளாஸ்தான். நாலு பேருக்கு நாலு விதமாக விளக்குவதைவிட இது சீக்கிரம் புரியவைக்கும்.

வெளிச்சத்தில் கெட்டதை ஏலின் குணம் என்று நினைப்பது

ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் உடையும், குறிப்பாக நீல ஒளியும் புற ஊதாவும் பட்டால். உடைந்த துண்டு பீரில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து ஒரு சேர்மம் உண்டாகிறது. கருகிய ரப்பரும் கெட்ட பூண்டும் கலந்த மாதிரி நாறும். மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைப் பிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கிறது. பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான். நிறமில்லாத கண்ணாடி தடுப்பதே இல்லை.

அப்படியிருந்தும் சில பாரம்பரிய ஏல்கள் நிறமில்லாத பாட்டிலில்தான் வருகின்றன. பீரின் செம்பு நிறம் அலமாரியில் அழகாகத் தெரியும் என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. அவற்றை வாங்கத்தான் வேண்டுமென்றால் முன்வரிசையைத் தொடாமல் பின்னாலிருந்து எடுங்கள். பெட்டிக்குள் அடைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். தோட்டத்தில் வெயில் பட உட்கார்ந்து குடித்தால் எந்த பாட்டிலும் காப்பாற்றாது. கிளாஸில் ஊற்றிய பீரில் அந்த நாற்றம் வர சில நிமிடங்கள் போதும்.

குறை எது, குணம் எது என்று பிரிக்கத் தெரியாமல் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. லேசான வெண்ணெய் டாஃபி வாசம் வந்தால் பதற வேண்டாம். ஈஸ்ட் விட்டுச்செல்லும் டையசெட்டில் அது, ஆங்கில ஏல்களில் கொஞ்சம் இருக்கலாம். பாப்கார்ன் வெண்ணெய்போலத் தூக்கி அடித்து நாக்கு வழுக்கினால் அது குறைதான். பர்ட்டன் அபான் டிரென்ட் ஊரின் தண்ணீரில் ஜிப்சம் என்ற கந்தகம் கலந்த தாது அதிகம். அங்கே காய்ச்சிய ஏலைத் திறந்ததும் தீக்குச்சி கிழித்த நெடி வரலாம், சில நிமிடத்தில் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் மட்டும் மன்னிக்க முடியாதது. ஆக்ஸிஜன் புகுந்து பீர் கிழடாகிவிட்டது என்று பொருள். ஆனால் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ஏலில் சில ஆண்டு கழித்து ஷெர்ரி ஒயின் சாயல் வந்தால், அதற்காகத்தான் சிலர் காசு கொடுக்கிறார்கள். புளிப்பும் அப்படித்தான். பெரி செயின்ட் எட்மண்ட்ஸில் கிரீன் கிங், 12 சதவீத ஏலை ஓக் மரத்தொட்டியில் நெடுநாள் ஊறவைத்து, வேறொரு பீரோடு கலந்து ஸ்ட்ராங் சஃபோக் என்று விற்றது. அதில் மரமும் மெல்லிய புளிப்பும் இருந்தால்தான் சரி. சாதாரண ஏலில் வினிகர் அடித்தால் தயங்காமல் சிங்க்கில் கொட்டுங்கள்.

ஊற்றுவதில் அவசரம்

முதலில் லேபிளைப் படியுங்கள். பிராட்சைடு வடிகட்டி அடைத்தது, கடைசிச் சொட்டுவரை ஊற்றலாம். விண்டேஜ் ஏல் பாட்டில் கண்டிஷண்டு, அதாவது உள்ளே உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது, அடியில் படிந்திருக்கும். அதைப் பையில் ஆட்டிக்கொண்டுவந்து உடனே திறந்தால் கலங்கல்தான் மிஞ்சும். ஒரு நாளாவது நிமிர்த்தி நிற்க விடுங்கள். பிறகு கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள். நடுவில் பாட்டிலை நிமிர்த்தி நிமிர்த்திச் சாய்த்தால் அடிப்படிவு அலைபோல எழுந்து கலந்துவிடும். பாட்டிலுக்குப் பின்னால் விளக்கு இருக்கும்படி நின்றுகொண்டால், முடியும் தறுவாயில் தோள்பகுதியில் புகை இழைபோல ஈஸ்ட் நகர்ந்து வருவது தெரியும். அது கழுத்தைத் தொடும் முன் நிறுத்திவிட்டால் ஒரு விரல் அளவு அடியில் தங்கும். உள்ளே போனாலும் தீங்கில்லை. ஜெர்மன் கோதுமை பீர்க்காரர்கள் சுழற்றி வேண்டுமென்றே ஊற்றிக்கொள்கிறார்கள். இங்கே அது ருசியை மழுங்கடிக்கும், அவ்வளவுதான்.

நுரை குறைவாக வருகிறதே என்று உயரத்திலிருந்து கொட்ட வேண்டாம். இதில் காஸ் இயல்பிலேயே கம்மி, ஒரு விரல் நுரை போதும். அதுவும் வரவில்லை என்றால் கிளாஸைச் சந்தேகப்படுங்கள். சோப்புப் படிவும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையின் எதிரிகள். கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் அது சரியாகக் கழுவப்படவில்லை.

கிளாஸ் எது என்பதில் அலட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. காலுள்ள ஒயின் கிளாஸ் தாராளமாகப் போதும், பாதிவரை ஊற்றினால் மேலே வாசனைக்கு இடம் இருக்கும். பாட்டிலோடு வாய் வைத்துக் குடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். மூக்கை வெளியே நிறுத்திவிட்டு ருசி பார்க்க முடியாது. ஃபிரீசரில் உறையவைத்த மக் இரண்டாவது பெரும் பாவம்.

நிறத்தையும் பெயரையும் நம்புவது

கருப்பாக இருந்தால் கடுமையானது என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. பப்பில் பிடித்துக் கொடுக்கும் கின்னஸ் கன்னங்கரேல் என்றிருக்கும், ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். பொன்னிறத்தில் மின்னும் பெல்ஜியத்து டூவலில் 8.5. பெயரும் ஏமாற்றும். பப்பில் பீப்பாயிலிருந்து பிடிக்கும் பிராட்சைடு 4.7 சதவீதம், பாட்டிலில் இருப்பது 6.3. பப்பில் குடித்த நினைவோடு பாட்டிலைத் திறந்து, "இது ஏன் இவ்வளவு இனிக்குது, தலைக்கு ஏறுது?" என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை.

லேபிளின் பின்பக்கத்தில் இருக்கும் ருசிப் பட்டியலை முதலில் படிப்பதும் தவறுதான். "பாதாம், பழக்கேக்" என்று அச்சடித்திருந்தால் மூளை அதையே தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். பீரின் ருசியை விரிவாக எழுதும் வழக்கத்தை உலகமெங்கும் கொண்டுபோனவர் யார்க்ஷயர்க்காரரான மைக்கேல் ஜாக்சன். பாடகர் இல்லை, 2007-ல் காலமான பீர் எழுத்தாளர். அவரைப் பார்த்து எழுதியவர்கள் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டார்கள் என்பது என் எண்ணம். முதலில் குடியுங்கள், தோன்றுவதைச் சொல்லுங்கள், அப்புறம் லேபிளைப் பாருங்கள்.

லாகர் வேகத்தில் குடிப்பது

பிரிட்டனில் ஆல்கஹாலை யூனிட்டில் கணக்கிடுகிறார்கள்; ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால். 4 சதவீத லாகர் அரை லிட்டருக்கு 2 யூனிட். பிராட்சைடு அதே அளவில் 3க்குச் சற்று மேல், விண்டேஜ் ஏல் 4.25. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது அந்நாட்டு மருத்துவ அறிவுரை. மூன்று பாட்டில் விண்டேஜிலேயே அதில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒரு பாட்டிலை இரண்டு மூன்று பேர் பகிர்ந்தால் ருசி பார்க்க அதுவே அதிகம். கார் ஓட்டுகிறவர் அந்தக் கணக்கில் சேரக் கூடாது. பல ஏல்களை ஒரே மாலையில் ஒப்பிடுவதாக இருந்தால் மெல்லியதில் ஆரம்பித்துக் கடுமையானதில் முடியுங்கள். 8.5 சதவீத ஏலை முதலில் குடித்தவர் நாக்குக்கு அடுத்து வரும் எதுவும் தண்ணீர்தான்.

தொட்டுக்கொள்ள மிளகாய் தூக்கலான மட்டன் சுக்காவை வைத்தால் ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும், ஏலின் பழவாசம் காணாமல் போகும். நன்கு முதிர்ந்த செடார், ஸ்டில்டன் போன்ற சீஸ்கள், மாட்டிறைச்சியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட பை, கிறிஸ்துமஸ் பழக்கேக் இதற்கென்றே அமைந்தவை.

எல்லாவற்றையும் சேமித்து வைப்பது

விண்டேஜ் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் ஏல் பாட்டில்களை எல்லாம் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். வடிகட்டிய 6 சதவீத ஏல் வைக்க வைக்க மங்கத்தான் செய்யும். தேதிக்குள் குடித்துவிடுவது மேல். வைத்திருக்கத் தகுந்தவை வேறு. ஃபுல்லர்ஸ் விண்டேஜ் ஒன்று. மான்செஸ்டர் ஜே.டபிள்யூ. லீஸ் 1986-ல் காய்ச்சத் தொடங்கிய 11.5 சதவீத ஹார்வெஸ்ட் ஏல் இன்னொன்று. 1968-ல் டார்செஸ்டரின் எல்ட்ரிட்ஜ் போப் கொண்டுவந்த தாமஸ் ஹார்டிஸ் ஏல் ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிப்பதற்கென்றே காய்ச்சப்பட்டது. ஒரே ஆண்டின் விண்டேஜில் இரண்டு வாங்கி, ஒன்றை உடனே குடித்துவிட்டு மற்றதை இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு விட்டுவைத்தால் வித்தியாசம் தெரியும். ஒயின்போலப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள். மூடி தகரம், நனைய வேண்டிய தேவையில்லை. படிவும் அடியிலேயே கிடக்கும்.