கேதார்காந்தா பனிமலை: முதல்முறை ஏறுபவர்களுக்கு

உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் உள்ள சாங்க்ரி கிராமத்தில் தொடங்குகிறது கேதார்காந்தா ஏற்றம். உச்சி சுமார் 3,800 மீட்டர். புதிதாகப் போகிறவர்கள் குளிரை நினைத்தே பயப்படுகிறார்கள். குளிருக்கு இன்னொரு சட்டை போட்டுக்கொள்ளலாம். இறுகிய பனிக்குத்தான் பயப்பட வேண்டும்.

அப்போதுதான் விழுந்த பனி மாவு மாதிரி, கால் புதையும். அதையே நூறு பேர் மிதித்து, பகல் வெயிலில் மேலாக உருகி, ராத்திரி உறைந்தால் கண்ணாடிதான். மரநிழல் விழும் காட்டுப்பாதையில் இது அதிகம்.

1. கிராமத்திலேயே பழகுங்கள். கணுக்காலை மூடும், நீர் புகாத பூட்ஸ் வேண்டும். அதன்மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக், ரப்பர் வளையத்தில் சங்கிலியும் இரும்புப் பற்களும் கோத்தது. சாங்க்ரியில் வாடகைக்கே கிடைக்கும். கையுறையோடு அதை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். மேலே சரிவில் நின்று மாட்டுவது ஆபத்து. வழுக்கல் தொடங்கும் முன்பே, சமதரையில் மாட்டிவிட வேண்டும்.

2. உடை. பருத்தி வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்து, நின்றதும் உடம்பை நடுங்கவைக்கும். ஈரம் காயும் உள்ளாடை, நடுவில் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட்.

3. ஏறும் நடை. ஐஸில் பாதம் முழுவதும் தட்டையாகப் படியட்டும். எல்லாப் பற்களும் கடித்தால்தான் பிடிப்பு. அடி சின்னதாக இருக்கட்டும். மெத்தென்ற பனியில் மட்டும் பூட்ஸ் நுனியால் உதைத்துப் படி செய்துகொள்ளலாம்.

4. உச்சி நாள். விடிவதற்கு வெகு முன்பே, மூன்று நான்கு மணிக்குக் கிளம்புவார்கள். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும். தண்ணீர் மேலிருந்துதான் உறையும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், மூடி அடைக்காது. சூரியன் எழுந்ததும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணை எரித்துவிடும்.

5. இறக்கம். இங்கேதான் கவனம் முழுவதும் வேண்டும். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் பாதம் பிடி விட்டுவிடும். முழங்காலை மடக்கி, எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்கும்படி இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக. கைத்தடியை ஏறும்போது வைத்ததைவிட நீளமாக்கிக்கொள்ளுங்கள். பலர் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே வருவார்கள். மைக்ரோஸ்பைக்கோடு ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பல் பனியில் மாட்டினாலும் கணுக்கால் முறியும்.

6. திரும்பும் முடிவு. தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும். உடம்பு நன்றாக இருந்தாலும் சரிவு இடம் கொடுக்காமல் போகலாம். அதற்கு நான் கற்றுக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. செங்குத்தான பகுதி ஆரம்பித்ததும், வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, ஏறிய வழியிலேயே பத்தடி இறங்கிப் பாருங்கள். முதல் முயற்சியில் என்னால் நான்கடிகூட நிதானமாக இறங்க முடியவில்லை. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அங்கிருந்தே திரும்பினேன்.