நடுநிலை வகுப்பு மாணவர்களின் ஆய்வுத் திட்டம்: தலைப்பைக் கேள்வியாக்குவது முதல் அறிக்கை வரை

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆய்வுத் திட்டம் கொடுக்கும்போது, பெரும்பாலும் தலைப்பையும் ஒப்படைக்க வேண்டிய நாளையும் மட்டுமே சொல்கிறோம். அவர்களும் இணையத்தில் முதலில் கிடைத்ததை வண்ண அட்டையில் ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் நடக்க வேண்டியதை, என் மாணவர்களுக்குப் பயன்பட்ட முறைப்படி, 'தேனீ' என்ற ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குகிறேன். குழு பிரிப்பதும் கால அட்டவணை போடுவதும் ஆசிரியர்கள் அறிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிட்டேன்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குதல்

நான்கு வாரங்கள் இருந்தால் முதல் வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்குங்கள். 'தேனீ' என்பது தலைப்பு மட்டுமே. அதைக் கேள்வியாக்கச் சொன்னால், "தேனீ எப்படித் தேன் சேகரிக்கிறது?" என்று ஒருவர் கேட்பார், பாடநூலின் ஒரு பத்தியே அதற்கு விடை சொல்லிவிடும், மாணவர் அந்தப் பத்தியைப் பார்த்து எழுதுவார், அதோடு வேலை முடிந்துவிடும். "தேனீக்கள் அழிந்தால் உலகம் என்ன ஆகும்?" என்று இன்னொருவர் கேட்பார், அதற்கு விடை தேட அவரிடம் காலமும் இல்லை, கருவியும் இல்லை.

ஆகவே ஒரு வகுப்பு நேரம் முழுவதும் எதையும் சரி, தவறு என்று சொல்லாமல், தோன்றும் கேள்விகளையெல்லாம் எழுதவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மூன்று விதமாகச் சோதிக்கச் சொல்லுங்கள். விடை ஒரே இடத்தில், ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிடுமா? நம் கைக்கு எட்டும் நூல்களையும் கண்ணால் பார்க்கக்கூடியவற்றையும் கொண்டு விடையை நெருங்க முடியுமா? நாம் எதிர்பார்ப்பதற்கு மாறான விடை வர வாய்ப்பு இருக்கிறதா? மூன்றாவது சோதனையே முக்கியமானது என்பது என் கருத்து. "தேனீக்கள் நமக்கு நன்மை செய்கின்றனவா?" என்ற கேள்வி அதில்தான் விழுந்துவிடும், ஏனெனில் கேட்கும்போதே விடை முடிவாகிவிட்டது.

இந்த வயதினருக்கு 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளைவிட 'எது', 'எவ்வளவு', 'எப்போது' என்பவை நன்றாக அமைகின்றன. மாணவர் தயங்கி நிற்கும்போது நல்ல கேள்வி ஒன்றை நாமே சொல்லிவிடத் தோன்றும். சொல்லிவிட்டால் அன்று முதல் அது நம்முடைய திட்டமாகிவிடும். அதற்குப் பதிலாக, "இதற்கு விடை காண நீ எதை எண்ணிப் பார்ப்பாய்?" என்று கேளுங்கள். பூக்களையும் அவற்றில் வந்து அமரும் தேனீக்களையும் எண்ணலாம் என்று மாணவர் சொல்லத் தொடங்கிய பிறகு, "தோட்டத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பூக்களில் எதை நாடித் தேனீக்கள் அதிகம் வருகின்றன?" என்ற கேள்விக்கு அவர் தாமாகவே வந்து சேர்கிறார்.

படி 2: தேடலும் சரிபார்ப்பும்

விக்கிப்பீடியாவைத் தடை செய்ய வேண்டியதில்லை. அங்கே தொடங்கி, கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்கள் வழியாக மூல நூல்களுக்குப் போகக் கற்றுக்கொடுத்தால் போதும். தேனீ பற்றித் தேடுவோர் கண்ணில், "தேனீக்கள் மறைந்தால் மனிதன் நான்கு ஆண்டுகளே வாழ்வான்" என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு வாசகம் கட்டாயம் படும். அதை வகுப்பிலேயே சோதியுங்கள். அவர் எந்த நூலில், எந்த ஆண்டில், யாரிடம் சொன்னார் என்று தேடினால், 1955இல் மறைந்த அவருடைய எழுத்திலோ பேச்சிலோ அதற்குச் சான்று கிடைக்காது. சொல்லப்பட்ட செய்தியையும் ஆராயலாம்: நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையாலும், மக்காச்சோளம் காற்றாலும் விளைகின்றன; அவற்றுக்குத் தேனீ தேவையில்லை. ஒரு பக்கத்தை நம்பலாமா என்பதை அதன் அழகைப் பார்த்து முடிவு செய்யாமல், அதை விட்டு வெளியேறி, வேறு யார் அதே செய்தியைச் சொல்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கத்தை இப்பயிற்சி தருகிறது.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இல்லாத நூலுக்கும் பெயர் சொல்லக்கூடியவை. அவை தரும் எதையும் விடையாகக் கொள்ளாமல், போய்த் தேட வேண்டிய பொருளாக மட்டுமே கொள்ளச் சொல்கிறேன்.

படி 3: குறிப்பெடுத்தல்

படிக்க வேண்டும், நூலை மூட வேண்டும், பிறகு சொந்தச் சொற்களில் எழுத வேண்டும். ஓர் அட்டையில் ஒரு செய்தி, மூலையில் ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம். குறிப்பெடுக்கும் செயலிகள் பல இருந்தாலும் நான் காகித அட்டையையே விரும்புகிறேன், ஏனெனில் அதில் வெட்டி ஒட்ட முடியாது.

படி 4: எண்ணிப் பார்த்தல்

எண்ணத் தொடங்குமுன், தேனீக்களை ஆராய்ந்த ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1914இல் வெளியிட்ட சோதனையை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். நீல அட்டைமேல் சர்க்கரைக் கரைசல் வைத்துத் தேனீக்களைப் பழக்கிய அவர், அந்த அட்டையை வெவ்வேறு அடர்த்தியுள்ள சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். தேனீக்கள் நீலத்தையே தேடி வந்தன. சாம்பல் அட்டைகள் எதற்கு என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வெளிச்ச வேறுபாட்டை மட்டும் பார்க்கும் உயிராக இருந்தால், ஏதாவதொரு சாம்பலை நீலமென்று எண்ணி ஏமாந்திருக்கும் என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

அதே கண்ணோடு தங்கள் திட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறத்தையும் ஒரே நேரத்தில், ஒரே கால அளவுக்கு, பல நாட்கள் பார்க்க வேண்டும். மஞ்சள் பூக்கள் இரு மடங்கு இருந்தால் வருகையும் கூடித் தெரியும்; ஆகவே வருகைகளைப் பூக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தேனீக்களால் சிவப்பைக் காண முடியாது, ஆனால் நமக்குத் தெரியாத புறஊதாவை அவை காண்கின்றன; சில சிவப்புப் பூக்கள் புறஊதாவை எதிரொளிப்பதால் அவற்றுக்கும் தேனீக்கள் வரும். புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அந்த எண்ணை அழிக்க விடாதீர்கள். தேனீக் கொட்டினால் ஒவ்வாமை ஏற்படும் மாணவர் யாரேனும் உண்டா என்று முன்பே விசாரித்துவிட்டு, எல்லோரையும் எட்டி நின்றே எண்ணச் செய்யுங்கள்.

படி 5: எழுதுதல்

அட்டைகளை மேசைமேல் பரப்பி வரிசைப்படுத்தினால் அறிக்கையின் அமைப்பு கிடைத்துவிடும். 'நிரூபித்தோம்' என்பதற்குப் பதிலாக 'எங்கள் எண்ணிக்கையின்படி' என்று எழுதட்டும். படக்காட்சித் தயாரிப்பு கடைசி வேலை.

பின்சேர்க்கை

குழுவில் ஒரே மாணவர் எல்லாவற்றையும் செய்துவிடுகிறாரே என்று இக்கட்டுரையைப் படித்த சிலர் கேட்டிருந்தார்கள். ஆகவே, நான் விட்டுவிட்ட குழு பிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 'நீ எழுது, நீ வரை' என்று பணியைப் பிரிக்காமல், ஆளுக்கொரு நிறத்தைக் கொடுத்து, எண்ணுவதையும் அட்டை எழுதுவதையும் ஒவ்வொருவரும் செய்யும்படி பிரியுங்கள். அட்டைகளை வாரந்தோறும் வாங்கிப் பார்த்தால், கடைசி இரவில் பெற்றோர் உட்கார்ந்து எழுதித் தருவதும் குறையும். தோட்டம் இல்லாத பள்ளிகளில், ஃபிரிஷின் சோதனையிலிருந்து சாம்பல் அட்டைகளை நீக்கிவிட்டால் எந்த முடிவுகளையெல்லாம் சொல்ல முடியாமல் போகும் என்பதையே ஆய்வுக் கேள்வியாக வைக்கலாம்.