மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு வழிகாட்ட மொழி பழகும் முறை

மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டியாக விரும்பும் இளைஞர்கள் பலர், எத்தனை மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைவிட, கடற்கரைக் கோயிலில் தொடங்கி ஐந்து ரதங்களில் முடியும் அந்த ஒரு பொழுதுக்குள் எவற்றையெல்லாம் சொல்ல வேண்டும், அவற்றைக் கேட்பவர் தவறாகப் புரிந்துகொள்ளாதபடி எப்படிச் சொல்வது என்று கேட்பதே பயன் தரும். ஐந்து மொழிகளில் வணக்கம் மட்டும் சொல்லத் தெரிந்தவரைவிட, ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியில் இந்த ஓர் ஊரைப் பற்றித் தடுமாறாமல் பேசத் தெரிந்தவரையே பயணிகள் நாடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

முதல் வேலையைத் தமிழிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் நான்கைந்து வாக்கியங்களாக, மொத்தம் முப்பது வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். அருச்சுனன் தபசு என்னும் புடைப்புச் சிற்பத்தை எடுத்துக்கொண்டால், அதில் தவம் செய்பவர் அருச்சுனன் என்று ஒரு சாராரும், கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று மற்றொரு சாராரும் கூறுவதை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம். அதன் பிறகு, யானைகளுக்கு அருகே ஒற்றைக்காலில் நின்று தவம் செய்வதாக நடிக்கும் பூனையையும், அதை நம்பிச் சூழ்ந்து நிற்கும் எலிகளையும் காட்டுங்கள். புராணப் பெயர் ஒன்றும் தெரியாதவருக்கும் போலித் துறவியின் கதை உடனே புரிந்துவிடும். ‘ரதம்’ என்பதை அவர்கள் மொழியில் ‘தேர்’ என்று மட்டும் பெயர்த்தால், இது எங்கே ஓடியது என்று கேட்பார்கள். ஒரே பாறையைக் குடைந்து செதுக்கிய கோயில் வடிவங்கள் என்றும், பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் வழங்கியவை என்றும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் மொழியாக எதைத் தேர்வது என்றால், இந்தக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு மொழிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் செல்லும் பிரெஞ்சுப் பயணிகளில் பலர் வழியில் இங்கே இறங்குகிறார்கள். அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனம் சென்னையிலும் புதுச்சேரியிலும் வகுப்புகள் நடத்துகிறது. ஜெர்மன் கற்க விரும்புவோருக்குச் சென்னையில் கோத்தே நிறுவனம் உள்ளது. இம்மொழி வகுப்புகளில் ஏ1, ஏ2, பி1 என ஏறும் படிநிலைகளில், முதல் இரண்டை முடித்தவர் அன்றாடத் தேவைகளைப் பேசிவிடலாம். சிற்பத்தை விளக்கவும் எதிர்க்கேள்விக்கு விடை சொல்லவும் பி1 ஆவது வேண்டும். கடைத்தெருவில் சிற்பம் விற்பவர்கள் செவிவழியாகவே இம்மொழிகளைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் விலை பேசும் மொழி கலை பேசப் போதாது.

தமிழருக்கு எளிதாக வருவது மரியாதை. பிரெஞ்சில் ‘வூ’, ‘தூ’ என்றும் ஜெர்மனில் ‘ஸீ’, ‘டூ’ என்றும் வரும் வேறுபாடு நம் ‘நீங்கள்’, ‘நீ’ போன்றதே. புதியவரிடம் எப்போதும் முதல் வடிவத்தையே பயன்படுத்துங்கள். நமக்குக் கடினமாக இருப்பது ஒலி. பிரெஞ்சில் மீனுக்கும் நஞ்சுக்கும் உள்ள சொற்களைத் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் ‘புவாஸோன்’ என்றே வந்து நிற்கும். மீனைச் சொல்லும்போது நடுவிலுள்ள ‘ஸ’ காற்றொலியாக மட்டும் இருக்க வேண்டும். தொண்டையில் விரலை வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் வண்டின் ரீங்காரம் போல அதிர்ந்தால் நீங்கள் பரிமாறுவது நஞ்சு. கடற்கரை உணவகத்துக்கு அழைத்துச் செல்பவர் இந்த ஒரு சொல்லை நூறு முறை சொல்லிப் பழகினாலும் தகும். என் வாயில் இது படிய ஒரு மாதம் பிடித்தது.

எண்களைத் தனியாகப் பழகுங்கள். பிரெஞ்சில் எண்பது ‘நான்கு இருபது’. தொண்ணூற்றேழு ‘நான்கு இருபது பதினேழு’. ஜெர்மனில் நாற்பத்தைந்தை ‘ஐந்தும் நாற்பதும்’ என்பார்கள். அவசரத்தில் கேட்பவர் ஐம்பத்து நான்கு என்று குறித்துக்கொள்வார். ஆகவே விலையையும் நேரத்தையும் சொல்வதோடு எழுதியும் காட்டுங்கள். ஆங்கிலத்தில் பேசும்போது ‘லட்சம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு நூறாயிரம் என்றும், தேதியில் மாதத்தைப் பெயரால் மட்டுமே சொல்வதும் நல்லது. அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவதால், 5/6 என்பது அவருக்கு மே 6 ஆகிவிடும்.

பேசுவதைப் போலவே கேட்பதும் பழக வேண்டியதுதான். ஜப்பானியர் ‘ஹாய்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது, பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளமே தவிர, சம்மதம் அன்று. நம் தலையாட்டலும் வெளிநாட்டவரைக் குழப்பும். ஆம், இல்லை என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவருக்கு மட்டும் நுழைவுக் கட்டணம் ஏன் அதிகம் என்று நிச்சயம் கேட்பார்கள். மழுப்பாமல், தொல்லியல் துறை வகுத்த கட்டணம் இது, உள்நாட்டவருக்குச் சலுகை உண்டு என்று அவர்கள் மொழியிலேயே சொல்லும் இரண்டு வாக்கியங்களை ஆயத்தமாக வைத்திருங்கள்.

சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். அன்று புரியாமல் போன ஒவ்வொரு சொல்லையும் செவியில் விழுந்தபடியே தமிழில் எழுதி, மாலையில் ஆசிரியரிடமோ அகராதியிலோ சரிபாருங்கள். அதன் முதல் பக்கத்தில் மட்டும் நிலக்கடலை, முந்திரி, எள், பால் ஆகியவற்றுக்குப் பயணிகளின் மொழியில் உள்ள பெயர்களை எழுதிவையுங்கள். நம் சட்னியிலும் குருமாவிலும் இவை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். ஒவ்வாமை உள்ள பிரெஞ்சுப் பயணி ‘காக்காவெத்’ என்று பதறிக் கேட்கும்போது, அவர் நிலக்கடலையைத்தான் கேட்கிறார் என்பது உங்களுக்கு அந்த நொடியே தெரிந்திருக்க வேண்டும்.