1 மில்லிமீட்டருக்குள் 70 சென்டிமீட்டர்: போர்க்கப்பல் மாடல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்க்கப்பல் மாடல் சொதப்பிப் போவதற்குக் கைத்திறன் குறைவைக் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம், கணக்குப் போட்டுப் பார்க்காததுதான். 1/700 அளவில் 1 மி.மீ. என்பது நிஜக் கப்பலில் 70 செ.மீ.; 1/350 அளவில் 35 செ.மீ. சின்ன மாடலில் 0.1 மி.மீ. தடிமனுக்குப் பெயின்ட் ஏறினால், நிஜக் கப்பலில் 7 செ.மீ. கனத்துக்குப் பூசியதாக அர்த்தம். 1.7 மீட்டர் உயர மாலுமி அதில் 2.4 மி.மீ.தான். துரு, கம்பி, கைப்பிடி, அலை என்று எதைச் சேர்க்கும் முன்பும் 700-ஆலோ 350-ஆலோ பெருக்கிப் பார்த்துவிட்டால், கீழே வரும் தவறுகளில் பாதி நடக்கவே நடக்காது.

தேதி குறிக்காமல் தொடங்குவது

"ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோவைக் கட்டுகிறேன்" என்று சொன்னால் போதாது. எந்த ஆண்டு யமாட்டோ? 1941 டிசம்பரில் பணியில் சேர்ந்தபோது அதில் 15.5 செ.மீ. (குழாயின் உள்விட்டம்) மும்மைப் பீரங்கிக் கோபுரங்கள் நான்கு இருந்தன. 1944 தொடக்கத்தில் இருபக்கமும் இருந்த இரண்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வைத்தார்கள். இரண்டு காலத்தையும் கலந்து கட்டினால், அப்படி ஒரு கப்பல் என்றுமே மிதந்ததில்லை.

எம்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்து, தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்ட கப்பல் அது. 1/350 அளவில் ரெவல் நிறுவனத்தின் கிட் உண்டு. நீளம் ஏறத்தாழ 34 செ.மீ. வெள்ளை உடலும் மஞ்சள் பழுப்புப் புகைபோக்கிகளுமாகப் பூசினால் மிக அழகாக இருக்கும். ஆனால் அது போருக்கு முந்தைய எம்டன். சென்னைக்கு வந்த எம்டன் சாம்பல் நிறம். உண்மையான புகைபோக்கிகள் மூன்றுதான். அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் போலியாக நான்காவது ஒன்றை நிறுத்திக்கொண்டு நுழைந்தது. ஆக ஒரே கிட்டிலிருந்து மூன்று வேறு எம்டன்களைக் கட்டலாம். எது என்று பசையைத் திறக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் கப்பல்களில் அடிக்கடி கண்ணில் படும் தவறுகள் இரண்டு. 'மெஷர் 22' என்ற வண்ணமுறையில் உடலின் கீழ்ப்பகுதி கருநீலம், அதற்கு மேலே எல்லாம் வெளிர் சாம்பல். இரண்டும் சேரும் கோடு கடல்மட்டத்துக்கு இணையாக, நேராக ஓட வேண்டும். முன்பக்கம் மேல்தளம் உயர்ந்து வளைகிறதே என்று கோட்டையும் அதனோடு வளைத்துவிடுகிறார்கள். அடுத்தது தளம். மரத்தளம் என்றதும் கை தானாக மரநிறத்துக்குப் போகிறது. அந்த வண்ணமுறையில் மரத்தளத்துக்கும் நீலச் சாயம் ஏற்றியிருந்தார்கள்.

வெட்டுவதிலும் உடலை ஒட்டுவதிலும்

கொடிமரம், கிரேன் போன்ற மெல்லிய பாகத்தை முதலில் நிப்பரால் கடித்தால் அது ஒடியும். ஸ்ப்ரூ சட்டம் (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) இழுவிசையோடு பாகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். முதலில் சுற்றியுள்ள தடித்த சட்டத்தை நறுக்கி இழுவிசையை விடுவியுங்கள். பிறகு பாகத்திலிருந்து 1 மி.மீ. தள்ளி வெட்டி, மிச்சத்தைப் புதிய பிளேடால் சீவுங்கள்.

நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதி மட்டும் வரும் வாட்டர்லைன் கிட்கள் சிலவற்றில், எடைக்காக அடிக்குள் வைக்க இரும்புப் பட்டை தருவார்கள். அதை அப்படியே வைத்து மூடாதீர்கள். ஈரக்காற்றில் அது துருப்பிடித்து ஊதினால், பல ஆண்டுகள் கழித்து இணைப்பு பிளக்கும். பிரைமர் அடித்துக் காய்ந்தபின் வையுங்கள். இல்லையென்றால் விட்டேவிடுங்கள், எடை கட்டாயமில்லை.

ரெசின் (வார்ப்புப் பிசின்) உடல் வளைந்து வந்தால் கையால் முறுக்கக் கூடாது. 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் அமிழ்த்தி, கண்ணாடிப் பலகையில் வைத்துத் தட்டையாக அழுத்தியபடி குளிர்ந்த நீர் ஊற்றினால் நேராக நிற்கும். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்ட உப்புத்தாளும் முகக்கவசமும் கட்டாயம். அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பது

கப்பல் மாடலில் மிக அதிக வேலையை வீணாக்கும் தவறு இதுதான். கார் மாடலுக்கோ விமான மாடலுக்கோ பழகியவர்கள், கையேட்டில் உள்ள வரிசைப்படியே மேற்கட்டுமானத்தைத் தளத்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் தளம் ஒரு நிறம், சுவர் ஒரு நிறம், இரண்டும் சேரும் ஓரத்தில் பிரஷ் நுழையாது, டேப்பும் ஒட்டாது.

கையேட்டின் வரிசை ஒட்டுவதற்கானது. பெயின்ட்டுக்கு நீங்கள் தனி வரிசை எழுத வேண்டும். உடல், முதல் தளம், ஒவ்வொரு மேற்கட்டுமான அடுக்கு, புகைபோக்கி, பீரங்கிக் கோபுரங்கள், படகுகள் என்று தனித்தனித் துண்டுகளாகப் பிரியுங்கள். பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, இடுக்கு விழும் இடங்களை முதலிலேயே சரிசெய்யுங்கள். மரத்தளம் உள்ள கப்பலில் முதலில் தளத்தின் வெளிர் நிறத்தை ஏர்பிரஷில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, டேப்பால் மறைத்து, பிறகு சாம்பலை அடிப்பது நல்லது. வெளிர் நிறத்தின் மேல் அடர் நிறம் ஒரே மெல்லிய பூச்சில் மூடும். வரிசையை மாற்றிச் செய்ய முயன்றால் மூன்று நான்கு பூச்சு ஏறி நுணுக்கங்கள் புதைந்துவிடும். தளத்திலேயே வார்த்து வந்திருக்கும் சிறு பெட்டிகளையும் கயிறு கட்டும் முளைகளையும் கடைசியில் மெல்லிய பிரஷால் தொடலாம். அலுப்பான வேலைதான், ஆனால் மாடலின் தரம் அங்கேதான் தெரியும்.

நிறம் அடர்ந்து போவது

நிஜக் கப்பலின் சாம்பலை அப்படியே கலந்து மாடலில் அடித்தால் கருத்துத் தெரியும். பெரிய கப்பலை நாம் தூரத்திலிருந்து பார்க்கிறோம்; நடுவிலுள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்கிறது. 30 செ.மீ. தள்ளி மேசையில் இருக்கும் மாடலுக்கு அந்தக் காற்று இல்லை. அதனால் 1/350-க்கு ஏறத்தாழ 10 சதவீதமும் 1/700-க்கு 20 சதவீதமும் வெள்ளையோ வெளிர் சாம்பலோ கலந்து, உதிரிப் பிளாஸ்டிக்கில் அடித்துப் பார்ப்பது பலரின் வழக்கம். இது விதியல்ல, கண்ணுக்கான தொடக்கப்புள்ளி. தூய கறுப்பையும் தூய வெள்ளையையும் எங்கும் பயன்படுத்தாதீர்கள். புகைபோக்கியின் மூடிக்குக்கூட அடர் சாம்பல் போதும்.

டாமியா அக்ரிலிக்கை அதன் தின்னருடன் ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு இரண்டு வரை கலந்து, 15 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் பல மெல்லிய பூச்சாக அடியுங்கள். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் லாக்கர் வகைப் பெயின்ட் அடிக்கும்போது வெண்படலம் படிந்தால் பெயின்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. மெதுவாக உலரும் தின்னரைக் கலந்தால் பெருமளவு தீரும்.

பித்தளைத் தகட்டு வேலை

கைப்பிடி வேலி, ஏணி, ரேடார் எல்லாம் ஃபோட்டோ எட்ச் (ரசாயனத்தால் அரித்து வடிவமைத்த) பித்தளையில் வரும். மென்மையான கட்டிங் மேட்டின்மேல் வைத்து வெட்டினால் பிளேடு அழுந்தும் இடத்தில் தகடு வளையும். கண்ணாடியிலோ டைல்ஸ் துண்டிலோ வைத்து, வளைந்த முனைப் பிளேடை அழுத்தி வெட்டுங்கள். மடிப்புக்கோடு பொதுவாக உட்பக்கம் வர வேண்டும். ஒரே மடிப்பை முன்னும் பின்னும் மூன்று நான்கு முறை அசைத்தால் முறியும்.

வேலியை நிஜத்தில் 1 மீட்டர் உயரம் என்று கொண்டால் 1/700-ல் 1.4 மி.மீ., 1/350-ல் 2.9 மி.மீ. இவ்வளவு சிறிய வலையில் சூப்பர் க்ளூவைக் குழாயிலிருந்து நேராக விட்டால், கம்பிகளுக்கு நடுவே பசை ஏறிச் சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்களாக உறைந்துவிடும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, ஊசி நுனியில் தொட்டு, 2 செ.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். முதல் புள்ளி பிடித்த பிறகு மீதியைத் தளத்தின் வளைவுக்கு ஏற்ப இணைத்துக்கொண்டே போகலாம். ஒட்டிய கையோடு மாடலை மூடிய பெட்டியில் வைத்தால் பசையின் ஆவி வெள்ளைப் படலமாகப் படியும். வேலியைச் சட்டத்தில் இருக்கும்போதே பெயின்ட் அடித்துவிடுங்கள், வெட்டிய முனைகளை மட்டும் பிறகு தொடுங்கள்.

பீரங்கிக் குழாய்களின் வாயைத் துளைப்பதிலும் கணக்கு வேண்டும். ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் 38 செ.மீ. பீரங்கிக்கு 1/700-ல் 0.5 மி.மீ. துளை சரி. எம்டனின் 10.5 செ.மீ. குழாய்க்கு 1/350-லேயே 0.3 மி.மீ.தான். அதைப் பிளாஸ்டிக்கில் துளைக்க முயன்று நுனியைக் கிழிப்பதைவிட, கடைந்த பித்தளைக் குழாயை வாங்குவது மேல்.

துருவின் மேல் ஆசை

பிஸ்மார்க் தன் ஒரே போர்ப்பயணத்துக்குக் கிளம்பியது 1941 மே 18-19-ல். மூழ்கியது மே 27-ல். பணியில் சேர்ந்தே ஓராண்டு ஆகவில்லை. அந்தக் கப்பலின் பக்கமெல்லாம் செந்துரு ஒழுகவிடுவது அதன் வரலாற்றுக்கே பொருந்தாது. மாறாக, 1939 ஆகஸ்ட் 21 முதல் டிசம்பர் வரை தெற்கு அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் துறைமுகம் காணாமல் அலைந்த ஜெர்மன் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பேவுக்கு உப்புக்கறையும் வெளிறலும் நியாயம்.

துரு வருமிடங்கள் குறைவு: நங்கூரத் துளை, சங்கிலி உரசும் பகுதி, தளத்து நீர் வெளியேறும் துவாரங்கள். கோடு செங்குத்தாக இறங்க வேண்டும். 1/700-ல் 1 மி.மீ. அகலக் கோடு என்றால் கதவு அகலத்துக்குத் துரு வழிகிறது என்று பொருள்! எனாமல் வாஷை (மிக நீர்க்கக் கலந்த எனாமல் பெயின்ட்) அக்ரிலிக் பளபளப்புப் பூச்சின் மேல் இட்டு, 20 நிமிடம் கழித்து, ஒயிட் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பிரஷால் மேலிருந்து கீழாக இழுத்து, முக்கால்வாசியை எடுத்துவிடுங்கள். எனாமல் பெயின்ட்டின் மேல் நேராக எனாமல் வாஷ் போட்டால் அடிநிறமும் கரைந்து வரும்.

கயிறும் கம்பியும்

10 மி.மீ. கம்பி 1/350-ல் 0.03 மி.மீ., 1/700-ல் 0.014 மி.மீ. தையல் நூல் எங்கே, இது எங்கே! பருத்தி நூலில் இழை வேறு சிலிர்த்து நிற்கும். 0.02 முதல் 0.05 மி.மீ. வரை கிடைக்கும் நீட்சி நூலோ, மெழுகுவர்த்திச் சூட்டில் இழுத்த ஸ்ப்ரூவோ பயன்படுத்துங்கள். நிறம் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல். ஸ்ப்ரூ இழை தொய்ந்திருந்தால் அணைத்துப் புகையும் ஊதுபத்தி முனையைச் சற்றுத் தள்ளிக் காட்டினால் இறுகும். நீட்சி நூலுக்கு இந்த வைத்தியம் செய்தால் உருகி அறுந்துவிடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டிக்கொண்டே வந்தால், கட்டியதில் கை படாது.

கடலும் கொடியும்

மாடலைக் கடல் போலச் செய்த தளத்தில் வைக்கும்போது கப்பலின் பக்கமெல்லாம் சிற்றலைகளைக் குத்தி வைப்பது அனேகமாக எல்லோரும் செய்வது. கப்பல் கிளப்பும் அலையின் நீளம் வேகத்தைப் பொறுத்தது: 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் முகட்டுக்கு முகடு ஏறத்தாழ 68 மீட்டர், 30 நாட்டில் 150 மீட்டருக்குச் சற்று மேல். 1/700-ல் அது 10 செ.மீ.யும் 22 செ.மீ.யும் ஆகிறது. 36 செ.மீ. நீளப் பிஸ்மார்க்கை 30 நாட்டில் ஓட்டினால் முகப்பில் ஒரு முகடு, நடுவில் நீண்ட பள்ளம், பின்புறம் நெருங்கும்போது இரண்டாவது முகடு, அவ்வளவுதான். பின்னால் விரியும் அலைகளின் ஓரக்கோடு, கப்பல் போகும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 19.5 டிகிரியில் விலகும்.

கொடியிலும் இதே கவனம் வேண்டும். பிரிட்டிஷ், அமெரிக்கக் கப்பல்கள் துறைமுகத்தில் நிற்கும்போது நாட்டை அடையாளம் காட்டும் என்சைன் கொடி பின்முனைக் கம்பத்தில், முகப்பில் ஜாக் எனப்படும் சிறு கொடி. கடலில் ஓடும்போது முகப்புக் கொடி இறங்கிவிடும், என்சைன் கொடிமரத்தின் சாய்கம்பத்துக்கு மாறிவிடும். முகப்பில் நுரையைக் கிளப்பிவிட்டு அங்கேயே ஜாக்கையும் பறக்கவிட்டால், கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்றே சொல்ல முடியாது.