பேட்டரி மேல் பழி போடும் முன்

வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பழக வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆள் மாறுகிறது, தவறு மாறுவதில்லை. நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே கூத்துதான். பிளஸ்ஸை மைனஸில் மாட்டுவது, ஆசிட் பட்ட கையால் கண்ணைக் கசக்குவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை நடந்தால் ஆயுளுக்கும் மறக்காது. தப்பு என்றே தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்கிறோமே, அவற்றைப் பற்றித்தான் இது.

வயர் நல்லாத்தான் இருக்கு

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த வாக்கியம்தான். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே புது பேட்டரி வாங்கி வைப்பார்கள். சில வாரம் ஓடும். மறுபடி அதே ‘டிக்’. அப்புறம் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டாரான ஸ்டார்ட்டர். எல்லாம் மாற்றி முடித்த பிறகு யாரோ ஒருவர், பேட்டரி மைனஸை பாடியோடும் இன்ஜினோடும் இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி மாட்டியதும் வண்டி ஒரே திருப்பில் கிளம்பும். பணம் கொடுத்தவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது.

அப்படித்தான் ஒரு வேன் வந்தது. பேட்டரி புதுசு, ஆல்டர்னேட்டரும் புதுசு. அடுத்து ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். “அண்ணே, வயரெல்லாம் பார்த்துட்டேன், நல்லாத்தான் இருக்கு” என்றான் கூட நின்ற பையன். எதை வைத்துப் பார்த்தாய் என்று கேட்டேன். கண்ணால்தான் பார்த்திருக்கிறான். போதாததற்கு மீட்டரைத் தடை அளக்கும் ஓம் பக்கம் திருப்பி, பேட்டரி மைனஸிலும் வண்டியின் பாடியிலும் வைத்து, பீப் அடிப்பதையும் காட்டினான்.

பீப் அடிக்கத்தான் செய்யும். வயருக்குள் எல்லா இழையும் அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் அடிக்கும். மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில் ஒரு துளிக் கரண்ட். அதைக் கொண்டுபோக அந்த ஒரு இழை போதும். கார் ஸ்டார்ட்டர் சுற்றும்போது 150, 200 ஆம்பியர் சாதாரணமாக இழுக்கும். டீசல் என்றால் இன்னும் அதிகம். இப்போது பேட்டரியின் ஈய முனையான போஸ்ட்டுக்கும் அதைக் கவ்வும் கிளாம்புக்கும் நடுவில் 0.01 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 200 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு இடத்திலேயே 2 வோல்ட் காணாமல் போய்விடும். லோடு விழுந்து 10.5க்கு இறங்கிய பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்வது எட்டரை வோல்ட்தான். அதே வழியில் ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர் போனால் இழப்பு 0.1 வோல்ட். அதனால்தான் லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, பாட்டு பாடுகிறது, ஸ்டார்ட்டர் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. 0.01 ஓமை ஓம் மீட்டரில் பிடிக்கவும் முடியாது. மீட்டரின் சொந்த வயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு.

சார்ஜிங் பக்கமும் இதே கதைதான், ஆனால் சத்தமில்லாமல் நடக்கும். ஆல்டர்னேட்டர் தன் முனையில் 14.2 வோல்ட் கொடுக்கிறது. வழியில் அரை வோல்ட் தொலைந்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.7. வண்டி ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. பேட்டரி மட்டும் ஒரு நாளும் முழுதாக நிரம்பாது. அரைகுறை சார்ஜிலேயே கிடந்து தகடுகளில் சல்பேட் இறுகி, ஆயுள் முடிவதற்கு வெகு முன்பே செத்துவிடும். அடுத்து வைக்கும் புது பேட்டரிக்கும் அதே கதிதான். பழி விழுவது பேட்டரி செய்த கம்பெனி மேல்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும், சாவியைத் திருப்ப ஒரு ஆளும் போதும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் கிளம்பிவிடாதபடி எரிபொருளை நிறுத்திக்கொள்ளுங்கள். சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் போஸ்ட் மேல், கறுப்பு முனையை ஸ்டார்ட்டரின் தடித்த வயர் வந்து சேரும் போல்ட் மேல் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ கோளாறு. அடுத்து மைனஸ் போஸ்ட்டுக்கும் இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்துக்கும் நடுவில் பாருங்கள். இங்கே 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்தான் இருக்கலாம். அதிகமாக வந்தால் முனைகளை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் தாவுகிறதோ, திருடன் அங்கேதான் இருக்கிறான். போஸ்ட்டுக்கும் அதன் கிளாம்புக்கும் இடையே மட்டும் பார்த்தால் ஏறக்குறைய பூஜ்யம்தான் வர வேண்டும்.

சார்ஜிங்குக்கும் இதே முறைதான். இன்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடவிட்டு, ஹெட்லைட், புளோவர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஆல்டர்னேட்டர் முனைக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில் அளக்க வேண்டும். லோடு இல்லாமல் அளந்தால் எல்லாமே யோக்கியமாகத்தான் தெரியும்.

அந்த வேனில் எர்த் பக்கம் 1.8 வோல்ட் வந்தது. விபத்துக்குப் பிறகு பாடிக்குப் பெயின்ட் அடித்தவர்கள், எர்த் வயரின் காதை, அதாவது முனை வளையத்தை, பெயின்ட்டுக்கு மேலேயே வைத்து போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி மாட்டினோம், கிளம்பிவிட்டது. பையன் கேட்டான்: “அப்போ பீப் எப்படிண்ணே அடிச்சுது?” போல்ட்டின் மரையில் கொஞ்சம் உலோகம் ஒட்டியிருந்தது, பீப்புக்கு அது போதும்.

மீட்டர் கையில் இல்லையென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ஜம்ப் கேபிளின் ஒரு முனையை மைனஸிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் கவ்வவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பினால் எர்த்தில்தான் கோளாறு. இன்னொன்று: ஆக்சிலரேட்டர் கேபிளோ கியர் கேபிளோ காரணமில்லாமல் சுட்டால் இன்ஜின் எர்த்தைத்தான் முதலில் பாருங்கள். நேர்வழி அடைபட்டால் கரண்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும்.

ஓடும் இன்ஜினில் டெர்மினலைக் கழற்றுவது

“கழற்றினாலும் ஓடுதா? அப்போ ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு.” டைனமோ காலத்துச் சோதனை இது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆல்டர்னேட்டர் கொட்டும் கரண்ட்டை உள்வாங்கி அடக்கி வைப்பது பேட்டரிதான். அதைச் சட்டென்று பிடுங்கினால் வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்ட்டேஜ் எகிறிவிடும். ஐ.எஸ்.ஓ 16750-2 தரம் இந்த நிலைமைக்கென்றே 12 வோல்ட் வண்டிகளுக்கு வைத்திருக்கும் சோதனையில், தடுப்பு இல்லாத வோல்ட்டேஜ் துடிப்பு 79 முதல் 101 வோல்ட் வரை போகிறது. ஆல்டர்னேட்டரின் டயோடோ, வண்டியின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வோ போகலாம். நல்ல ஆல்டர்னேட்டரைச் சோதித்தே கொன்றுவிட்டு, ‘பார்த்தீர்களா, போயிருக்கிறது’ என்று சொல்வதில் என்ன பெருமை?

மீட்டர் முனையை கிளாம்பில் வைப்பது

போஸ்ட்டின் ஈயத்தில் வையுங்கள். கிளாம்பில் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் தொலைவது தெரியாது.

பொருந்தாத கிளாம்பை மேலும் மேலும் முறுக்குவது

கிளாம்பின் இரண்டு காதுகளும் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் போஸ்ட்டை இறுக்காது. போஸ்ட்டில் தடிமனான வகையும் மெல்லிய வகையும் உண்டு, ஒன்றுக்கான கிளாம்ப் மற்றதற்குச் சரியாக உட்காராது. ஒரே பேட்டரியிலும் பிளஸ் போஸ்ட் மைனஸைவிடச் சற்றுத் தடிமன். ஈய உறை போடுங்கள், இல்லையென்றால் சரியான கிளாம்பை வாங்குங்கள். சுத்தியலால் தட்டி இறக்கினால் போஸ்ட்டின் அடியில் சீல் விட்டுப்போய் ஆசிட் கசியும்.

கிரீஸ்

முதலில் சுத்தம் செய்து இறுக்குங்கள். அப்புறம் மேலே பூசுங்கள்.

பூத்ததைக் கழுவிவிட்டுப் போவது

போஸ்ட்டில் பூக்கும் உப்பைக் கழுவ வெந்நீரும் சமையல் சோடாவும் போதும், செல்லுக்குள் மட்டும் போகக் கூடாது. ஆனால் அதே போஸ்ட்டில் மறுபடி பூத்தால் கழுவுவது வைத்தியமல்ல. சீல் கசிகிறது, அல்லது அதிக சார்ஜ் ஏறி பேட்டரி ஆவி விடுகிறது. சார்ஜிங் வோல்ட்டேஜ் 15ஐத் தாண்டியே நின்றால் ரெகுலேட்டரைப் பாருங்கள். வயரின் உறையையும் அழுத்திப் பாருங்கள். உப்பியோ மொறமொறவென்றோ இருந்தால் உள்ளே செம்பு பச்சையாகி அரித்துக்கொண்டிருக்கும்.

பேட்டரி விளக்கை நம்புவது

விளக்கு அணைந்தால் சார்ஜ் முழுதாக ஏறுகிறது என்று அர்த்தமல்ல. சாவி போட்டதும், இன்ஜின் கிளம்பும் முன், அது எரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸானால் எச்சரிக்கையும் வராது, சார்ஜும் ஏறாமல் போகலாம். ஒரு பல்புக்காக ஆல்டர்னேட்டரைக் கழற்றியவர்களும் உண்டு.

14 வோல்ட் வரவில்லை, ஆல்டர்னேட்டர் போச்சு

புது வண்டிகளில் இ.சி.யு. நினைத்தால் சார்ஜைக் குறைக்கும், கூட்டும். ஓடும்போது 12.7 காட்டினால் பதற வேண்டாம். லோடு போட்டுப் பாருங்கள், ஆக்சிலரேட்டரை விட்டதும் ஏறுகிறதா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் மைனஸ் கிளாம்பிலேயே ஒரு சென்சார் இருக்கும். வெளி சார்ஜரின் மைனஸை நேராக போஸ்ட்டில் மாட்டினால் ஏறிய சார்ஜ் அதன் கணக்கில் வராது. பாடி எர்த்தில் மாட்டுங்கள்.

கழற்றும் வரிசை

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கரண்ட் கசிவு பார்ப்பது

இரவெல்லாம் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது என்று வருகிற வண்டிகளில் இது நடக்கும். மீட்டரை ஆம்பியர் பக்கம் வைத்து, மைனஸ் போஸ்ட்டுக்கும் கழற்றிய கிளாம்புக்கும் நடுவில் தொடரில் மாட்டியதும் சில ஆம்பியர் காட்டும், உடனே ‘ஷார்ட்’ என்று தீர்ப்பு. உள்ளே இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுகள் தூங்கவே இல்லை. கதவு மூடியிருப்பதாக வண்டி நினைக்கும்படி கதவு லாட்சை ஸ்க்ரூ டிரைவரால் மூடிவிட்டு, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, அரை மணி நேரம் காத்திருங்கள். அதற்குப் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எந்த ஃபியூஸுக்கும் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள், மைனஸைக் கழற்றிய பிறகு. கழற்றிய முனையைச் சுற்றி மூடிவிட்டு, மீட்டரோடு மறுபடி மாட்டும்போது கசிவு நின்றிருந்தால் உள்ளே டயோடு போயிருக்கிறது.